இல்லை வேலை பார்த்த கடை

ஒரு ஊரில் ஒரு கடை. அந்தக் கடையில் இரண்டு சொற்கள் வேலை பார்த்தார்கள். மூத்தவள் பெயர் இருக்கு. இளையவள் பெயர் இல்லை.

ஊர் உடுமலைப்பேட்டை. கடை, சந்தைக்குப் போகும் தெருவில் நாச்சிமுத்துவும் அவர் மனைவி திலகவதியும் சேர்ந்து நடத்திய இயற்கைப் பொருள் கடை. மருந்தடிக்காமல் விளைந்த ராகி, கம்பு, சாமை, நாட்டுச்சர்க்கரை, சொந்தச் செக்கில் ஆட்டிய எண்ணெய், மலையிலிருந்து இறங்கி வரும் தேன், திலகவதி தானே வறுத்து அரைக்கும் சத்துமாவு. சரக்குக் கொடுப்பவர்கள் சுற்றுவட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு விவசாயிகள். அவர்கள் தோட்டங்களைக் கணவனும் மனைவியும் நேரில் போய்ப் பார்த்திருந்தார்கள்.

எல்லாக் கடைகளிலும் இந்த அக்கா தங்கை இருவரும் வேலைக்கு இருப்பார்கள். அக்காவைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். தங்கையைக் கண்ணில் படாமல் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். வேறு வழி தெரியாதபோதுதான் அவளைக் கூப்பிடுவார்கள். அப்போதும் நேராகப் பேச விடமாட்டார்கள். "நாளைக்கு வந்துரும்", "இப்பத்தான் தீர்ந்துச்சு" என்று முக்காடு போட்டுத்தான் வெளியே அனுப்புவார்கள்.

திலகவதியின் வழக்கம் வேறு. அவள் இருவரையும் ஒரே பலகையில் உட்கார வைத்தாள்.

"தேன் இருக்குங்களா?" என்று யாராவது கார்த்திகை மாதத்தில் கேட்டால், இல்லை எழுந்து நின்று தெளிவாகப் பதில் சொல்வாள். மலையில் தேன் எடுக்கும் காலம் ஆவணியோடு முடிந்துவிடும். மழைக்காலத்தில் சத்துமாவும் அப்படித்தான். முளைகட்டிய ராகியைக் காயவைக்க வெயில் வேண்டும். வெயில் வராத மாதத்தில் இல்லைதான் அந்த மாவுக்குப் பொறுப்பு. எள் பொய்த்த வருடம் நல்லெண்ணெய்க்கும் அவளே.

"உனக்குத்தான் இந்தக் கடையில் வேலை அதிகம்" என்று அக்கா கேலி செய்வாள்.

"உனக்கு வேலை சுலபமாக இருப்பது என்னால்தான்" என்பாள் தங்கை.

அக்கா அதை அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்படி ஒன்பது வருடம் போனது. கூட்டம் அதிகம் வராது. வருகிறவர்கள் மாறவும் மாட்டார்கள். நாச்சிமுத்துவின் மகள் நிவேதா ஆறாம் வகுப்புக்குப் போன வருடத்தில், பக்கத்துத் தெருவில் ஒரு பெரிய கடை திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, பச்சை எழுத்தில் பெயர்ப்பலகை. உள்ளே நானூறு வகைப் பொருள். எல்லாவற்றின் மீதும் இயற்கை என்று அச்சடித்திருந்தது. ஆடியிலும் தேன், ஐப்பசியிலும் தேன். அந்தக் கடையில் இருக்குவின் சொந்தக்காரிகள் மட்டும் வரிசையாக நின்றார்கள். இல்லைக்கு அங்கே உட்கார ஒரு முக்காலிகூடப் போடவில்லை.

வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒருநாள், வாரம் தவறாமல் வரும் வக்கீல் வீட்டு அம்மா தெருவில் நாச்சிமுத்துவைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பளபளப்பான பையை மறைக்கப் பார்த்தார். பிறகு மறைக்காமலே பேசினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க கடைக்கு வந்தா நாலு சாமான்ல ரெண்டு இல்லைங்கறீங்க. ரெண்டு எடத்துக்கு அலைய முடியறதில்லைங்க."

நாச்சிமுத்து அன்று கடைக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார்.

"வீட்டுல அரிசி தீர்ந்தாக்கூட இல்லைன்னு சொல்லாதே, நெறைஞ்சிருக்குன்னு சொல்லுன்னுதானே நம்மளை வளத்தாங்க? நாம கடை வாசல்ல நின்னுக்கிட்டு தெனம் நாப்பது தரம் இல்லை இல்லைங்கறோம். அப்புறம் எப்பிடி வெளங்கும் திலகா?"

"இல்லாததை இருக்குன்னு சொல்ல முடியுங்களா?"

"இல்லாம ஏன் வெச்சுக்கணும்? வாங்கி வெப்போம்."

கோயமுத்தூரிலிருந்து ஒரு ஏஜென்ட் ஏற்கெனவே மூன்று தடவை வந்து போயிருந்தார். பன்னிரண்டு மாதமும் தேன், பன்னிரண்டு மாதமும் எண்ணெய், அழகான பாக்கெட்டில் சத்துமாவு. "எல்லாம் ஆர்கானிக்குங்க. பேப்பர் பக்காவா இருக்கு. நீங்க அடுக்கி வெச்சாப் போதும்" என்று சொல்லியிருந்தார். நாலாவது தடவை அவர் வந்தபோது நாச்சிமுத்து சரி என்றார். திலகவதிக்கு முழு மனது வரவில்லை. ஆனால் மகள் வளர்கிறாள், கடை வாசல் காலியாகக் கிடக்கிறது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சரக்கு வந்து இறங்கிய நாளில் நாச்சிமுத்து அலமாரியைத் துடைத்தபடி சொன்னார். "இன்னையிலேர்ந்து இந்தக் கடையில இல்லைங்கற பேச்சே கூடாது."

பலகையில் உட்கார்ந்திருந்த இல்லை அதைக் கேட்டாள். எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

"எங்கேடி போகிறாய்?" என்றாள் அக்கா.

"என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். காதில் விழவில்லையா?"

"நல்லதுதான். போய்க் கொஞ்சநாள் ஓய்வெடு. ஒன்பது வருடமாக எல்லோர் முகத்திலும் அடிப்பதுபோல் பேசியிருக்கிறாய். நான் தனியாகச் சமாளித்துக்கொள்வேன்."

"சமாளிப்பாய். ஒன்று மட்டும் கேட்கிறேன். இதுவரை நீ ஒரு பொருளின் மேல் கைவைத்து இருக்கு என்றபோது, யாராவது உன்னைத் திருப்பிக் கேள்வி கேட்டார்களா?"

"கேட்டதே கிடையாது."

"இனிமேல் கேட்பார்கள்" என்று சொல்லிவிட்டு இல்லை படியிறங்கினாள்.

பிழைப்பு வேண்டுமே. அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்க் கிடைத்த வேலையைச் செய்தாள். கண்டக்டர்களிடம் சில்லறை இல்லை. டீக்கடையில் பால் இல்லை. கட்டணக் கழிப்பிடத்தில் தண்ணீர் இல்லை. நாள் முழுக்க வேலை. ஆனால் அவளை யாரும் நம்பவில்லை. "பையில சில்லறைய வெச்சுக்கிட்டே இல்லைங்கறான் பாரு" என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். அவளுக்கு அது பழக்கமில்லாத அவமானம்.

கடையில் முதல் இரண்டு மாதம் கூட்டம் திரும்பி வந்தது. எதைக் கேட்டாலும் இருக்கு துள்ளி எழுந்தாள். நாச்சிமுத்துவின் முகம் தெளிந்தது. மூன்றாவது மாதத்தில், தேன் வாங்க வந்த ஒரு வாத்தியார் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஐப்பசியில தேன் ஏதுங்க? நீங்கதானே போன வருசம் சொன்னீங்க?"

"வேற எடத்துத் தேனுங்க."

"எந்த எடம்?"

நாச்சிமுத்து இருக்குவைப் பார்த்தார். இருக்கு பாட்டிலைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாது. வாத்தியார் பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டு, கோபப்படாமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இந்தக் கேள்விகள் தினமும் வந்தன. நல்லதுதானா? சுத்தம்தானா? உங்க செக்குதானா? பழைய விவசாயிகளின் ராகியும் சாமையும் முன்பு போலவேதான் வந்துகொண்டிருந்தன. அவற்றையும் ஜனங்கள் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார்கள். இருக்கு மெலிந்துபோனாள். முன்பெல்லாம் ஒரு தடவை சொன்னால் போதும். இப்போது மூன்று தடவை சொன்னாலும் பாதிப் பேர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார்கள்.

அப்படி ஒரு நாள் சாயங்காலம் நாலரை மணி. திலகவதி தன் தங்கை மகளுக்குக் காது குத்து என்று தாராபுரம் போயிருந்தாள். நாச்சிமுத்து தனியாகக் கடையில் இருந்தார். ஜரினா அவசரமாக வந்தாள்.

ஜரினா மடத்துக்குளத்தில் டீச்சர். அவளுக்கு நாலு வயதில் நஸ்ரின் என்று ஒரு பெண் குழந்தை. இரண்டு வருடத்துக்கு முன் யாரோ கொடுத்த கடலை மிட்டாயில் ஒரு துண்டைக் கடித்ததும் குழந்தைக்கு முகம் வீங்கி, மூச்சு அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிப் பிழைக்க வைத்தார்கள். நிலக்கடலை ஒரு துளிகூட உடம்புக்குச் சேராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து குழந்தைக்குத் திலகவதி அரைக்கும் சத்துமாவுதான். திலகவதி அதில் கடலை சேர்ப்பதே கிடையாது. சேர்த்தால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும் என்பாள். இதெல்லாம் நாச்சிமுத்துவுக்கும் தெரியும்.

"அண்ணா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. சத்துமாவு இருக்குங்களா?"

"இருக்குதும்மா."

ஜரினா பாக்கெட்டைக் கையில் வாங்கினாள். "கவரு மாறியிருச்சே."

"ஆமாம்மா. இப்ப புதுசு."

"இதுலயும் கடலக்காய் இல்லைதானேண்ணா?"

நாச்சிமுத்துவின் வாய் தானாகத் திறந்தது. "இல்லைம்மா" என்றார்.

அவருக்குப் பொய் சொல்லும் எண்ணம் கிடையாது. ஒன்பது வருடமாக அந்தக் கேள்விக்கு அந்தக் கடையில் அதுதான் பதில். ஆனால் பதில் சொல்ல வேண்டியவள் அப்போது பஸ் ஸ்டாண்டில் இருந்தாள். தங்கையின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு இருக்குதான் அவள் குரலில் பேசினாள்.

ஜரினா பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

நாச்சிமுத்து அடுத்த ஆளுக்குக் கம்பு நிறுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை. எழுந்து இன்னொரு சத்துமாவுப் பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில், தானியங்கள், பருப்பு வகைகள், கொட்டை வகைகள் என்று இருந்தது.

ஏஜென்டுக்கு போன் போட்டார்.

"சத்துமாவுல நிலக்கடலை இருக்குங்களா?"

"ருசிக்குக் கொஞ்சம் சேப்போமுங்க. எல்லாரும் சேக்கறதுதான். ஏனுங்க, கம்ப்ளெய்ன்டா?"

நாச்சிமுத்து போனைக் கீழே வைத்தார். ஜரினாவின் வீட்டு நம்பர் அவரிடம் கிடையாது. அவள் வீடு எந்தத் தெரு என்றும் தெரியாது. மடத்துக்குளம் பஸ் நாலே முக்காலுக்குக் கிளம்பும். மணி நாலு ஐம்பது.

பக்கத்துத் தையல் கடைக்காரரிடம், "கடையக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார். என்ன ஏது என்று சொல்லக்கூட நிற்கவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு பழனி ரோட்டில் விரட்டினார்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் அப்போதுதான் போனது என்றார்கள். மைவாடிப் பிரிவுக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸின் முதுகு தெரிந்தது. ஒரு மாட்டு வண்டிக்காகப் பஸ் வேகம் குறைந்தபோது நாச்சிமுத்து தாண்டிப் போய், மொபெட்டை ரோட்டோரம் சாய்த்துவிட்டு, நடுரோட்டில் இரண்டு கையையும் தூக்கி நின்றார்.

பஸ் நின்றது. கண்டக்டர் தலையை நீட்டினார்.

"ஏனுங்க, சாகறதுக்கு எங்க வண்டிதான் கெடச்சுதா?"

நாச்சிமுத்து பஸ்ஸில் ஏறினார். நாற்பது ஐம்பது பேர். தெரிந்த முகங்கள் ஏழெட்டு. ஜரினா நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை.

அவரைப் பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள். "என்னண்ணா?"

"அந்த மாவைக் குடுத்துரும்மா."

"ஏன்ண்ணா?"

அவருக்கு மூச்சு வாங்கியது. பஸ்ஸே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு பாக்கெட் மாற்றித் தருகிறேன் என்று சொல்லலாம். விலை தப்பாகிவிட்டது என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் ஜரினா கொடுத்துவிடுவாள். பாக்கெட்டும் கைக்கு வந்துவிடும், கடையின் பெயரும் பிழைத்துவிடும்.

இல்லை அந்த பஸ்ஸில்தான் இருந்தாள். கண்டக்டரின் தோல்பை ஓரம் தொற்றிக்கொண்டு, யாருக்கோ சில்லறை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். பழைய முதலாளி. மூன்று மாதத்தில் இளைத்துவிட்டிருந்தார். அவளாகப் போய் அவர் அருகில் நிற்கவில்லை. கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தாள்.

நாச்சிமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொன்னது உண்மை இல்லைம்மா" என்றார். "அதுல கடலக்காய் இருக்குது. அது திலகவதி அரைச்ச மாவு இல்லை. வெளிய வாங்கினது. என்ன போட்டிருக்காங்கன்னு பாக்காமயே உங்கிட்டச் சொல்லிப்போட்டேன்."



ஜரினா பையிலிருந்து பாக்கெட்டை எடுத்தாள். "வீட்டுக்குப் போனதும் கரைச்சுக் குடுத்திருப்பேன்ண்ணா. கதவைத் தொறக்கறப்பவே பால் கஞ்சி கேப்பா."

"தெரியும்மா."

"வேற கடைன்னா அட்டையப் படிப்பேன். உங்க கடைன்னுதான் படிக்கலை."

நாச்சிமுத்து தலைகுனிந்து பாக்கெட்டை வாங்கிக்கொண்டார். பின்சீட்டிலிருந்து ஒரு பெரியம்மா கேட்டார். "ஏனுங்க, நான் போன வாரம் வாங்கின எண்ணெய்?"

"அதுவும் எங்க செக்குல ஆட்டினது இல்லைங்க. கொண்டாந்து குடுத்துருங்க. காசைத் திருப்பிக் குடுத்தர்றேன்."

"எறங்குங்க, நேரமாகுது" என்றார் கண்டக்டர். அவர் குரல் இப்போது கொஞ்சம் இறங்கியிருந்தது.

நாச்சிமுத்து இறங்கினார். அவர் பின்னால் இல்லையும் இறங்கினாள். மொபெட்டில் அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வண்டியை மெதுவாக ஓட்டினார்.

மறுநாள் தாராபுரத்திலிருந்து வந்த திலகவதியிடம் அவர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"கடை போச்சுன்னுதான் நெனைக்கறேன்" என்றார் நாச்சிமுத்து. "பஸ்ல பாதிப் பேரு நம்ம ஊரு."

"கொழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே. அது போதும்" என்றாள் திலகவதி. "உங்களை மட்டும் சொல்லிப் பிரயோசனம் இல்லைங்க. அந்த பாக்கெட்டை நானும் ஒரு தரம் திருப்பிப் பாக்கலை. பாத்தா வேண்டாம்னு சொல்ல வேண்டி வரும்னு பயந்துதான் பாக்கலை."

இருவரும் ஏஜென்ட் சரக்கை முழுக்க இறக்கினார்கள். அலமாரியில் முக்கால்வாசி காலியானது. நிவேதா பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, கடையில ஒண்ணுமே இல்லை?" என்றாள்.

"எழுதி வெச்சுரலாம்" என்றாள் திலகவதி.

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு கரும்பலகை வாங்கி வாசலில் மாட்டினார்கள். மேலே 'இன்று இல்லாதவை' என்று தலைப்பு. கீழே தேன், நல்லெண்ணெய், சத்துமாவு, குதிரைவாலி என்று வரிசையாகப் பதினேழு பெயர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எப்போது வரும் என்று மாதம். தெரியாவிட்டால், தெரியாது.

தெருவில் போனவர்கள் நின்று படித்தார்கள். சிலர் சிரித்தார்கள். "ஊருல இருக்கறதை எழுதி வெப்பாங்க. இவரு இல்லாததை எழுதி வெச்சு வேவாரம் பண்றாரு" என்றார் தையல் கடைக்காரர்.

உள்ளே, பலகையில் அக்காவும் தங்கையும் மறுபடி அருகருகே உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ போன பிறகு ஒருத்தரும் என்னை நம்பவில்லை" என்றாள் இருக்கு.

"என்னையும்தான்" என்றாள் இல்லை. "நான் அங்கே வேலை பார்த்த இடங்களில் நீ கிடையாது."

"உன் சேலையைக் கட்டிக்கொண்டு நான் ஒரு பதில் சொன்னேன். தெரியுமா?"

"தெரியும். அவர் அதை ஒப்புக்கொண்ட பஸ்ஸில்தான் நானும் இருந்தேன்."

அக்கா அழுதாள். தங்கை சற்று நகர்ந்து இடம் விட்டாள், அவ்வளவுதான்.

அந்த மழைக்காலம் கஷ்டமாகத்தான் போனது. எண்ணெயைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் வாசலில் நின்றே நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனார். சில நாட்களில் பத்துப் பேர்கூட வரவில்லை. வந்தவர்களோ கரும்பலகையைப் படித்துவிட்டு உள்ளே வந்து, அதில் எழுதாத பொருளைக் கேட்டு, முகர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள். தேன் பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டுப் போன வாத்தியார் ஒருநாள் வந்து சாமை வாங்கினார். "தேன் ஆனியிலதானுங்களா?" என்று கேட்டுவிட்டு, காலண்டரில் குறித்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஜரினா வரவே இல்லை.

தை பிறந்தது. வெயில் வந்தது. திலகவதி ராகியை முளைகட்டி, மாடியில் காயவைத்து, பதினோரு தானியமும் பருப்பும் தனித்தனியாக வறுத்தாள். மில்லில் நிலக்கடலை ஓடிய இயந்திரத்தில் அரைக்க மனசு ஒப்பாமல், சின்ன அரவை இயந்திரம் ஒன்று வாங்கச் சொல்லியிருந்தாள். அது வீட்டிலேயே ஓடியது. கரும்பலகையில் சத்துமாவு என்ற பெயரை நிவேதா ஈரத்துணியால் அழித்தாள்.

எட்டு நாள் கழித்து ஜரினா வந்தாள். கூடவே நஸ்ரின். குழந்தை வாசலில் நின்று பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பார்த்தது.

"வாம்மா" என்றாள் திலகவதி. அளந்து கட்டிய சத்துமாவை எடுத்து முன்னால் வைத்தாள். "இந்த மெஷின்ல வேற எதும் அரைக்கறதில்லை ஜரினா. என்னென்ன சேத்தேன்னு எழுதித் தரட்டுமா?"

ஜரினா மாவைத் தொடவில்லை. மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த நாச்சிமுத்துவைப் பார்த்தாள்.

"அக்கா, அண்ணன் சொல்லட்டும்" என்றாள். "அண்ணா, இதுல கடலக்காய் இருக்கா?"

பலகையில் அக்கா எழவில்லை. தங்கையும் உடனே எழவில்லை.

நாச்சிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மாவைப் பிரித்தார். முகர்ந்தார். மனைவியைப் பார்த்தார். "மில்லுக்கு எதுவும் போகலையே?"

"போகலைங்க."

"வறுக்கறப்போ? சட்டி?"

"புதுச் சட்டி."

"சலிச்ச சல்லடை?"

"அதுவும் புதுசுங்க."

அப்புறம்தான் அவர் ஜரினா பக்கம் திரும்பினார்.

"இல்லைம்மா."

ஜரினா மாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஜிப்பை இழுத்து மூடினாள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கும்போது, "அடுத்த மாசம் ரெண்டு கிலோவா எடுத்து வெச்சிருங்க அக்கா. எங்க ஸ்கூல் டீச்சருங்க ரெண்டு பேரு கேட்டாங்க" என்றாள்.

நாச்சிமுத்து மூட்டைக்குத் திரும்பிப் போனார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். தூசி என்றார்.

அதன் பிறகு வருடங்கள் போயின. கண்ணாடிக் கதவுக் கடை நாலாவது வருடம் கைமாறியது. பிறகு அது செல்போன் கடை ஆனது, அதன் பிறகு ஜவுளிக் கடை. சந்தைத் தெருக் கடை அதே அளவில் அதே இடத்தில் நடந்தது. நிவேதா படித்து முடித்து அங்கேயே வந்து உட்கார்ந்தாள். ஒரு தடவை சென்னையிலிருந்து இரண்டு பேர் காரில் வந்து, கடையின் பெயரைக் கொடுத்தால் இருபது ஊரில் கிளை திறக்கலாம் என்றார்கள். எல்லாக் கிளையிலும் எல்லாப் பொருளும் வருடம் முழுக்க இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. நிவேதா அப்பாவையும் அம்மாவையும் பார்த்தாள். அவர்கள் முடிவை அவளிடமே விட்டுவிட்டார்கள். அவளே இல்லையைக் கூப்பிட்டாள். காரில் வந்தவர்களிடம் அவள் மரியாதையாகத்தான் பேசினாள்.

கடைக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல். போன மாதம் வெளியூர் அம்மாள் ஒருவர், மகளுக்குப் பிரசவமாகியிருக்கிறது, நல்ல சாமான் எங்கே கிடைக்கும் என்று பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆட்டோக்காரரிடம் கேட்டார்.

"சந்தைத் தெருவுல ஒரு கடை இருக்குதுங்க. ஆனா போனீங்கன்னா பாதிச் சாமான் இல்லைன்னுதான் சொல்லுவாங்க" என்றார் ஆட்டோக்காரர்.

"அப்புறம் அங்க எதுக்குங்க போறது?"

ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பினார்.

"மீதிப் பாதிக்குத்தானுங்க."